என் முகூர்த்தச் சேலை ஏறிய மேடை

எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் என் முகூர்த்தச் சேலை ஏறாத வருஷம் கிடையாது. நான்தான் ஏறாமல் இருந்தேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாசியிலேயே என் கொழுந்தனார் வந்து வாசலில் நின்றார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். அந்த அரக்குக் கலர் சேலையை ஒரு நாளைக்குக் கொடுங்கள் மதினி, கட்டிவிட்டுத் தருகிறேன் என்றார். புதுப்பெண்ணான எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. கொழுந்தன் வந்து மதினியின் சேலையைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறாரே, எந்த வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று அம்மாவுக்குப் போன் போடப் போய்விட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஊர் நாடகத்தில் பெண் வேஷம் எப்போதும் அவருக்குத்தானாம்.

நாடகம் எங்கள் ஊருக்கே சொந்தமான கதை. முன்னொரு காலத்தில் ஜமீன் ஆட்கள் குளத்து மடையை அடைத்துவிட்டார்களாம். பயிர் கருகியது. ஒரு பெண் போய் மடைவாயில் இறங்கி நின்றுகொண்டு திறக்கச் சொல்லியிருக்கிறாள். திறந்தால் நீ அடித்துக்கொண்டு போய்விடுவாய் என்று மிரட்டினார்கள். "தெறங்கடா மடையை. எம்மேல ஏறிப் போகட்டும் தண்ணி. ஊருக்குப் போய்ச் சேந்தாப் போதும்" என்றாளாம். மடைக்காரி என்பதுதான் அவளுக்கு ஊர் வைத்த பெயர். சொந்தப் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த வசனம் வரும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள். நானும் சிந்தியிருக்கிறேன். கதை பெண்ணுடையது, கண்ணீர் எங்களுடையது, சேலை என்னுடையது. உள்ளே இருந்த ஆள் மட்டும் மோட்டார் மெக்கானிக்.

கொழுந்தனாரைக் குறை சொல்லக்கூடாது. உருகி உருகி நடிப்பார். ஆனால் அந்த நடை இருக்கிறதே! இடுப்பை இந்தப் பக்கம் ஒடித்து, அந்தப் பக்கம் ஒடித்து, கழுத்தை வெட்டி வெட்டி. பெண் என்றால் இப்படித்தான் நடப்பாள் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ! அப்படி நடந்தால் ஒரு குடம் தண்ணீர் வீடு வந்து சேராது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். வீட்டை ஒட்டி மாவு மில் வைத்திருக்கிறேன். அரிசி, கேழ்வரகு, மிளகாய், மல்லி எல்லாம் அரைப்போம். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் குரல் பெருத்துவிட்டது. மெதுவாகப் பேசு என்று மாமியார் முதல் பழனி பஸ் கண்டக்டர் வரை எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரி, நாடகக் கமிட்டிக்குத் தலைவர். ஒத்திகை எங்கள் மில் கொட்டகையில்தான் நடக்கும். அவர்கள் அந்தப் பக்கம் வசனம் பேச, நான் இந்தப் பக்கம் அரைத்துக்கொண்டே கேட்பேன். வருஷக்கணக்காகக் கேட்டால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது? மிளகாய் அரைக்கும்போது மடைக்காரி வசனம் தானாக வாயில் வரும். நெடியில் கண்ணீரும் தானாக வரும். நடிப்புக்கு வேறு என்ன வேண்டும்?

ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவை அந்த வேஷத்தைக் கட்டிவிட வேண்டும் என்ற ஆசை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் உள்ளேயே வைத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் மாடி அறைக்கு ஒரு நைஜீரியாப் பெண் குடிவந்தாள். காந்திகிராமத்தில் நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்க வந்தவள். வந்த வாரமே தண்ணீர் மோட்டார் விஷயமாக எனக்கும் அவளுக்கும் சண்டை. அவள் இங்கிலீஷில் கத்த, நான் தமிழில் கத்த, தெருவே கூடிவிட்டது. என் சத்தத்துக்குச் சரிசமமாக நின்ற முதல் ஆள் அவள்தான். அன்று சாயங்காலமே குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு உறைப்பு போதாது என்றாள். அதோடு எனக்கு அவள் தங்கச்சி ஆகிவிட்டாள். தமிழை என் மில்லில் நின்றே கற்றாள். அதனால் 'அம்புட்டுத்தான் அக்கா' என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்வாள்.

போன தை மாதம் ஒத்திகை தொடங்கியபோது, கேழ்வரகு அரைக்க வந்த பெண்களோடு அவளும் மில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தனார் இடுப்பை ஒடித்து நடந்து வந்தார். தங்கச்சி சிரித்தாள் பாருங்கள், படியிலிருந்து சரிந்து தவிட்டு மூட்டை மேல் விழுந்துவிட்டாள். எதற்கு இப்படிச் சிரிக்கிறாய் என்று கேட்டதற்கு, எங்கள் ஊரிலும் இதே கூத்துதான் என்று சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய சித்தி ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் அவர்கள் நாட்டிலேயே மேற்குச் சீமைக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவளாம். அங்கேயும் முதலில் ஆண்கள்தான் துணியைச் சுற்றிக்கொண்டு பெண்ணாக வந்தார்களாம். சந்தைக்காரியாக வருகிறவன் தலைக்கூடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவானாம். பார்க்கிற சந்தைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். அங்கே எந்தப் பெண்ணும் கூடையைக் கையால் பிடிப்பதே இல்லையாம். அப்புறம் பெண்கள் நடிக்க வந்தார்கள். நாடகக்காரி என்று ஊர் பேசியது. பேச்சுக்குப் பயந்து கம்பெனி முதலாளி நடிக்க வந்தவளையே கட்டிக்கொண்டார். இன்னொரு நடிகை தேவைப்பட்டபோது அவளையும் கட்டிக்கொண்டார். சித்தி மூன்றாவது நடிகை. ஆகவே மூன்றாவது மனைவி.

மில்லில் இருந்த பெண்கள் மாவுச் சல்லடையைத் தட்டிச் சிரித்தார்கள். பால் ஊற்றுகிற அக்கா ஒருத்தி, எங்கள் தெருவிலேயே நல்ல குரல்காரி, அப்படியானால் என்னென்ன வேஷம் கொடுத்தார்கள் என்று கேட்டாள். மூன்றே வேஷம்தானாம். அழுகிற தாய், குடும்பத்தைக் கெடுக்கிற சக்களத்தி, ராஜாவுக்கு விசிறி வீசுகிறவள். எங்கள் டிவி சீரியலில் விசிறிக்காரி மட்டும்தான் இல்லை, மற்ற இரண்டு பேரும் தினமும் வருகிறார்கள் என்றேன். சித்தி விசிறி வீசி வீசிக் கை வலித்துப் போய், முதலாளி காலமானதும் கம்பெனியைத் தானே எடுத்து நடத்தி, ராஜா வேஷத்தையும் தானே கட்டிக்கொண்டாளாம். போனில் படம் காட்டினாள். தலையில் கிரீடம், கையில் கோல், வாய் நிறையச் சிரிப்பு. அந்தப் படத்தைப் பார்த்ததும் என் ஆசை உள்ளே இருக்கமாட்டேன் என்று எழுந்து நின்றுவிட்டது.

அன்றைக்கே வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். இந்த வருஷம் மடைக்காரி வேஷம் நான் கட்டட்டுமா என்று. மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சொன்னார்.

"பொம்பளை வேசம் கட்ட அவனை விட்டா இந்த ஊர்ல ஆள் ஏது?"

இதைக் கோபத்தில் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். யோசித்து, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். ஊரில் பாதிப் பேர் பெண்கள். எதிரே ஒருத்தி கரண்டியோடு நிற்கிறேன். பெண் வேஷத்துக்கு ஆள் இல்லையாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கரண்டியை வீசலாம் போலவும் வந்தது. கரண்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

தங்கச்சி கேட்டுவிட்டு, இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு என்றாள். அவள் அம்மா ஊர் அந்த நாட்டில் கிழக்கே. அங்கே ஓர் ஆண் அழிச்சாட்டியம் பண்ணினால் பெண்கள் எல்லோரும் திரண்டு அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்களாம். கையில் உலக்கை. அவன் செய்ததையெல்லாம் பாட்டாகக் கட்டிப் பாடுவது, ஆடுவது, சுவரில் உலக்கையால் தட்டுவது. அவன் சரி என்று சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை, வீட்டுக்குப் போவதில்லை, சமைப்பதில்லை. அதுவும் ஒரு நாடகம்தான் அக்கா, மேடைக்குப் பதிலாக அவன் வாசல் என்றாள்.

மறுநாள் மில்லில் இதைச் சொன்னதும் பால்கார அக்காவுக்குக் கண் மின்னியது. இதிலே என்ன இருக்கிறது, நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரை ஏசிப் பாடுகிறோமே, அதையே கொஞ்சம் நீட்டிப் பாடினால் ஆயிற்று என்றாள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். உலக்கை யார் வீட்டிலும் இல்லை. சப்பாத்திக் கட்டை, தேங்காய் உரிக்கும் கட்டை, ஒருத்தி பிள்ளையின் கிரிக்கெட் மட்டை என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், உட்காரவேண்டிய வீடு என் வீடு. சாயங்காலம் கமிட்டிக் கூட்டத்துக்கு அவர் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, வாசல் முழுக்கப் பெண்கள். நடுவில் நான். என்ன விசேஷம் என்றார். பால்கார அக்கா பதில் சொல்லாமல் பாட்டை எடுத்தாள்.

"கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு – அவரு
கண்ணாடியத் தேடுறாரு சத்தம் போட்டு
மோட்டாரப் போட்டுப்புட்டுத் தூங்குவாரு – தொட்டி
மொத்தமா வழிஞ்சாக்க நம்மள ஏசுவாரு"

கட்டைகள் எல்லாம் ஒரே தாளத்தில் தரையில் விழுந்தன. தங்கச்சி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தோளைக் குலுக்கி ஓர் ஆட்டம் போட்டாள். அவருடைய கை அவரை அறியாமல் நெற்றிக்குப் போய்க் கண்ணாடியைத் தொட்டது. தெரு கொல்லென்று சிரித்தது. இதெல்லாம் நீ போய்ச் சொன்னதா என்பதுபோல என்னைப் பார்த்தார். மாவு அரைக்கிற இடத்தில் வேறு எதைப் பேசுவார்களாம்?

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வேன். வீட்டு வாசலில் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்களே, வாய் வறளப் பாடுகிறார்களே, ஒரு வாய் டீ கொடுக்காவிட்டால் எப்படி என்று, பழக்கதோஷம், எழுந்து உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டேன். டீ போட்டு, தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்து, முதல் டம்ளரை எங்கே நீட்டினேன் தெரியுமா? அவரிடம்.

பாட்டு நின்றுவிட்டது. அவர் டம்ளரை வாங்கி ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். முகத்தில் வெற்றிக்களை. தங்கச்சி ஆட்டத்தை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, என் மில் கற்றுக்கொடுத்த தமிழில் கத்தினாள்.

"அக்கா, போராட்டம் உங்க வீட்டுக்காரர் மேல. டீயும் அவருக்கேவா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லோரும் சிரிக்க நானும் சிரித்தேன். பிறகு அவர் கையிலிருந்து டம்ளரைத் திரும்ப வாங்கி, மீதி டீயை நானே குடித்துவிட்டு, போய் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கு டீ பற்றவில்லை. நாங்கள் எழுந்திருக்கமாட்டோம், வேண்டுமானால் நீங்கள் போடுங்கள் என்றேன். கமிட்டி ஆட்கள் தெருமுனையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். சர்க்கரை எங்கே என்று உள்ளிருந்து மூன்று தடவை குரல் வந்தது. நான் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்துப் போட்ட டீ பாயசம் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் ஸ்பேனர் பையோடு வண்டியில் வந்து இறங்கினார். அவருக்கும் ஒரு பாட்டு தயாராக இருந்தது.

"இடுப்ப ஒடிச்சு நடக்குறாரு எங்க தம்பி – அந்த
நடை நடந்தா ஒடையுமடி தண்ணிச் செம்பு"

கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பக்கென்றது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, வந்து எங்கள் வரிசையில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அண்ணே, மதினிக்கே குடுத்துருண்ணே. இம்புட்டு வருசமா இந்த வேசத்துக்காக மீசை வைக்காம இருக்கேன். எம் பொண்டாட்டி என்னைய மீசையோட பாத்தது கல்யாண போட்டோவுல மட்டுந்தான்."

வீட்டுக்காரர் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். சரி, கட்டித் தொலை என்றார். குலவைச் சத்தம் எழுந்தது. தங்கச்சியும் அவள் ஊர் மாதிரி ஒரு குலவை போட்டாள். எங்களுடையதைவிட நீளமாக இருந்ததில் பால்கார அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமை.

இரண்டு நாள் கழித்துக் கொழுந்தனார் மடைக்காரியின் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சவுரி, கண்ணாடி வளையல், நெற்றிச்சுட்டி எல்லாம் பஞ்சு சுற்றிப் பத்திரமாக இருந்தன. கொடுத்த பிறகும் போகாமல் வாசலிலேயே நின்றார். திறங்கடா என்கிற இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் மதினி, இல்லாவிட்டால் கடைசிச் சொல் இறங்கிவிடும் என்றார். மேலுதட்டில் அரும்பு மாதிரி மீசை. கண் பெட்டியின் மேலேயே இருந்தது. நான் ஆசைப்பட்டது மாதிரிதானே அவரும் ஆசைப்பட்டு இத்தனை வருஷம் கட்டினார்! எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்க நீங்கள்தான் படுதா ஓரம் நிற்கவேண்டும், வேறு ஆளை நம்பமாட்டேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. மதினிக்கு அதெல்லாம் தேவைப்படாது என்று சொல்லிக்கொண்டே போனார்.

தேவைப்பட்டது.

திருவிழா அன்று விளக்குகள் போட்டதும் நாடகம் தொடங்கியது. அந்த அரக்குச் சேலையை, என் கல்யாணத்துக்கு அப்புறம் முதல்முறையாக, நானே கட்டிக்கொண்டு மேடையில் கால் வைத்தேன். குடம் எடுத்து நடந்து வந்தேன், அவ்வளவுதான். தினமும் நடக்கிற நடை. முன்வரிசையிலிருந்து ஒரு 'ஆமா' கேட்டது. மைக் செட்காரர் என் முதல் வசனத்துக்கே பயந்து போய் மைக்கைக் குறைத்தார். அப்புறம் நிறுத்தியேவிட்டார். கடைசி வரிசை வரை கேட்டது. மெதுவாகப் பேசு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. உடம்பெல்லாம் சந்தோஷம்.

மடைக் காட்சி வந்தது. பலகையால் செய்த மடைவாய்க்குள் இறங்கி நின்றேன். ஜமீன் ஆளாக வந்தவன் மிரட்டினான். மூச்சை இழுத்துப் பிடித்தேன். பார்வை முன்வரிசைக்குப் போனது. என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி நெற்றியில் இல்லை, கண்ணில் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். வசனம் போய்விட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய வசனம், துடைத்து எடுத்த மாதிரி காணோம்.

படுதா ஓரம் பார்த்தேன். கொழுந்தனார் நின்றிருந்தார். அந்தக் காட்சியில் வருஷா வருஷம் அழுது பழகிய மனுஷன், இப்போதும் அழுதுகொண்டிருந்தார். வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. மீசையில் கண்ணீர் சொட்டுகிறது. போச்சு, இனி ஆயுசுக்கும் 'பொம்பளைக்கு வேஷம் கொடுத்தால் இப்படித்தான்' என்பார்கள் என்று நினைத்தேன்.

முன்வரிசையில் பால்கார அக்கா எழுந்து நின்றாள்.

"தெறங்கடா மடையை" என்றாள்.

பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் அந்த வரிசையே எழுந்தது, பின்னால் இருந்த வரிசையும் எழுந்தது. நான் ஒருத்திதான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தேனே, எப்படிப்பட்ட முட்டாள் நான்! ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. கீரை ஆயும்போது, பால் கறக்கும்போது, பிள்ளையைத் தூங்கவைக்கும்போது எல்லோரும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். எம்மேல ஏறிப் போகட்டும் தண்ணி என்று அவர்கள் சொல்ல, எனக்கும் குரல் திரும்பி வந்து, ஊருக்குப் போய்ச் சேந்தாப் போதும் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடித்தோம். ஜமீன் ஆளாக வந்தவன் நிஜமாகவே இரண்டு அடி பின்னால் போனான். தங்கச்சி தன் சித்திக்கு வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்தச் சின்னத் திரைக்குள் கிரீடம் இல்லாத ஒரு ராஜா எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது மேடையிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டார், படுத்தார். நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்கு அது என்ன கடைச்சரக்கா? ஆனால் தூக்கம் வரவில்லை.

காலையில் மில்லைத் திறந்தேன். திருவிழா மறுநாள் என்றாலும் பெண்கள் சட்டியோடு வந்துவிட்டார்கள். அரைக்க அல்ல, பேசத்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் துவைத்துப் பிழிந்த அரக்குச் சேலையோடு வந்தார். இத்தனை வருஷமும் கொழுந்தனார்தான் துவைத்துத் தருவார். இந்தத் தடவை யாரும் சொல்லாமல் இவர் துவைத்திருக்கிறார். கொடியில் போடும் முன் என் பக்கமாகக் குனிந்து, வாய்க்குள்ளேயே இரண்டு வார்த்தை சொன்னார்.

எனக்குக் கேட்டது. மெஷின் சத்தத்தில் கேட்டுப் பழகிய காது இது.

கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினேன். மில்லில் ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொன்னீங்க? கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க."

ஈரச் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"நல்லா இருந்துச்சு."